பாலக்காடு – கோவை தினசரிப் போக்குவரத்து: காரா, ரயிலா, பஸ்ஸா?

புதுச்சேரிக்காரன்
வணக்கமுங்க. புதுச்சேரின்னா பாண்டிச்சேரி இல்லை, கஞ்சிக்கோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் நடுவுல இருக்கிற புதுச்சேரி. அடுத்த மாசத்துல இருந்து வேலை கோவை பீளமேட்டுல. ஒரு வழி 48 கி.மீ., வாரம் 5 நாள், காலை 9.30-க்கு உள்ளே இருக்கணும். 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கு. கார்லயே போயிடலாமா, இல்ல ரயில், பஸ்னு பழகிக்கலாமா? கணக்கும் சிக்கலும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை
முதல்ல காரை எடுத்துக்கலாம். 96 கி.மீ. × 22 நாள் = 2,112 கி.மீ. உக்கடம், குனியமுத்தூர் நெரிசலையும் சேர்த்தா 1.2 பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 15 கிடைச்சா நல்லது. 141 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு முழுசா வச்சுக்கிட்டா 14,100. (உண்மை விலை இதைவிடக் கொஞ்சம் மேலேதான்.)

எல்லாரும் இந்த இடத்தோட கணக்கை மூடிடுவாங்க. மூடக்கூடாது. நாலு டயர் 20,000 ரூபாய், 40,000 கி.மீ. வரும்னா கி.மீ.க்கு 50 பைசா. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ், 7,000 ரூபாய்னா 70 பைசா. பிரேக் பேட், வைப்பர், பேட்டரி, அலைன்மென்ட்னு இன்னொரு 30 பைசா. மொத்தம் ஒன்றரை ரூபாய், மாசம் 3,170. டோல் பாஸும் சேர்ந்தா 17,600 பக்கம் வந்து நிக்குது.

இதுல காரோட மதிப்பு இறங்குறது சேரலை. வருஷத்துக்கு 25,000 கி.மீ. ஓடும். விக்கப் போறப்போ வாங்குறவன் முதல்ல ஓடோமீட்டரைத்தான் பார்ப்பான்.

ஆனா ஒண்ணு. இன்ஷூரன்ஸையும் சாலை வரியையும் இதுல சேர்க்காதீங்க. கார் வாசல்ல சும்மா நின்னாலும் அந்தப் பணம் போகும். ரயிலோட ஒப்பிடும்போது ஓட்டினா மட்டும் ஆகிற செலவைத்தான் எடுத்துக்கணும். கார் வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்குக் கணக்கு வேற.

மீட்டர்கேஜ்
ரயில் பக்கம் நான் சொல்றேன்.

சீசன் டிக்கெட்டைக் கஞ்சிக்கோட்டுல இருந்து எடுக்காதீங்க. பாலக்காடு ஜங்ஷன் – கோவை ஜங்ஷன்னு எடுங்க. சீசன் வச்சிருந்தா நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் ஏறலாம், இறங்கலாம். கஞ்சிக்கோட்டுல மெமு (குறுந்தூர மின்சார ரயில்), பாசஞ்சர் மாதிரி சில வண்டிதான் நிக்கும். நீள தூர எக்ஸ்பிரஸ் பிடிக்கணும்னா ஒலவக்கோட்டுல இருக்கிற பாலக்காடு ஜங்ஷனுக்குத்தான் போகணும். சீசன் கஞ்சிக்கோட்டோட முடிஞ்சிருந்தா அன்னைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டி வரும்.

இரண்டாம் வகுப்பு மாத சீசன் இந்தத் தூரத்துக்கு 500 ரூபாய்க்கும் கீழே. மூணு மாச சீசன் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, ஆறு மாசம் 5.4, வருஷம் 10.8. மாத சீசன் விலை கிட்டத்தட்ட 15 ஒற்றைப் பயணக் கட்டணம். அதனால மாசத்துல 8 நாள் போய் வந்தாலே சீசன்தான் லாபம். வாரம் ரெண்டு நாள் மட்டும் அலுவலகம் போறவங்களுக்கும் இது பொருந்தும், பலர் கவனிக்கிறதில்லை.

சீசன்ல மாட்டிக்கிற இடங்கள்: முன்பதிவுப் பெட்டியில ஏற முடியாது. ஸ்லீப்பர்ல 'டீரிசர்வ்டு' (முன்பதிவு தேவையில்லை)ன்னு அறிவிச்ச பெட்டின்னா மட்டும் போகலாம், அதுவும் எந்த வண்டி, எந்தப் பகுதின்னு பட்டியல் பார்த்துக்கணும். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் தனியா கட்டணும். வந்தே பாரத்ல சீசன் செல்லவே செல்லாது. செயலியில எடுத்த சீசன்னா போன் சார்ஜ் தீர்ந்தா டிக்கெட் இல்லாத பயணிதான். அபராதம் குறைஞ்சபட்சம் 250 ரூபாய், அதோட அந்தப் பயணக் கட்டணமும். அதனால காகிதச் சீசனை அடையாள அட்டையோட பர்ஸ்ல வச்சுக்கிறதுதான் நிம்மதி.

கே.ஜி.சாவடி
மீட்டர்கேஜ் சார் விலையை மட்டும் சொல்லிட்டு நேரத்தை விட்டுட்டாரு. வீட்டுல இருந்து கஞ்சிக்கோடு ஸ்டேஷனுக்கு டூவீலர்ல 15 நிமிஷம், வண்டி நிறுத்தி பிளாட்பாரம் போக 10, மெமு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஜங்ஷன்ல இருந்து பீளமேட்டுக்கு டவுன் பஸ் 30-35 நிமிஷம். கூட்டினா ரெண்டு மணி நேரம். கார்ல ஒண்ணேகால்ல இருந்து ஒண்ணரை. ஒரு வழிக்கு அரை மணி நேரமாவது வித்தியாசம்.

இன்னொண்ணு, 9.30-க்குப் பீளமேட்டுல இருக்கணும்னா 8.50-க்கு ஜங்ஷன்ல இறங்கியே ஆகணும். எந்த மெமு அதுக்குள்ள வருதோ அந்த ஒண்ணுதான் உங்க வண்டி. அது தப்பினா அன்னைக்குப் பிளான் மொத்தமும் போச்சு. ரயிலா காரான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்த ஒரு வண்டி ரெண்டு வாரம் எத்தனை மணிக்கு வந்து சேருதுன்னு ரயில் ஓட்டம் காட்டுற செயலியில தினமும் குறிச்சுப் பாருங்க. அட்டவணையில இருக்கிற நேரம் வேற, வந்து சேர்ற நேரம் வேற.

மீட்டர்கேஜ்
சரியான பேச்சு. தாமதத்துக்குக் காரணமும் தெரிஞ்சுக்கணும். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவுல ரெண்டு தண்டவாளமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போகலை. 'ஏ' லைன் ஒரு பக்கம், 'பி' லைன் காட்டுக்குள்ள இன்னொரு பக்கம். யானை கடக்கிற பகுதிங்கிறதால 'பி' லைன்ல இரவு வேகம் 45 கி.மீ.தான். 2021 நவம்பர்ல நவக்கரை பக்கத்துல மூணு யானை ரயில்ல அடிபட்டுச் செத்த பிறகு கெடுபிடி கூடிருச்சு. யானைக்குன்னு தண்டவாளத்துக்கு அடியில பாதை போட்டாங்க. 2024-ல மதுக்கரைப் பகுதியில கேமரா வச்சு, யானை பக்கத்துல வந்தா லோகோ பைலட்டுக்குத் தகவல் போற ஏற்பாடும் வந்துச்சு. யானை தண்டவாளத்துப் பக்கம் நின்னா வண்டி நிக்கும், நிக்கணும். அந்தப் பத்து இருபது நிமிஷத்துக்கு யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை: கேரளாவுல இருந்து வர்ற சில நீள தூர வண்டி கோவை ஜங்ஷனைத் தொடாது, போத்தனூர்ல இருந்து நேரா இருகூருக்குத் திரும்பிடும். அவசரத்துல கண்ணுல பட்ட வண்டியில ஏறினா போத்தனூர்ல இறங்கி பஸ்ஸுக்கு நிக்கணும்.

வேலந்தாவளம்
பஸ்ஸைப் பத்தி யாருமே பேசலையே. உக்கடத்துல இருந்து பாலக்காட்டுக்குத் தமிழ்நாட்டு பஸ், கேரளா கேஎஸ்ஆர்டிசி ரெண்டும் ஓடுது. புதுச்சேரி தேசிய நெடுஞ்சாலை மேலேயே இருக்கு. ரயில்னா ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, பார்க்கிங், அப்புறம் ரயில், அப்புறம் டவுன் பஸ். பஸ்ஸுல ரெண்டே கட்டம்: வீட்டு வாசல்ல இருந்து உக்கடம், உக்கடத்துல இருந்து பீளமேடு. ஒரு பஸ் போனா அடுத்தது வரும். நீங்க சொல்ற "அந்த ஒரு வண்டி" பிரச்சினையே பஸ்ஸுல கிடையாது.

குறையும் சொல்லணுமே. செலவு ரயில் சீசனைப் போலப் பல மடங்கு. உக்கடத்துல ஏறினா சீட் கிடைக்கும். காலையில புதுச்சேரியில நடுவுல ஏறுறவங்களுக்கு வாளையார் வரைக்கும் நின்னுக்கிட்டு வர வேண்டியிருக்கும். நிறுத்தம் கம்மியான பஸ் எல்லா ஊர்லயும் நிக்காது, ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

தமிழ்நாட்டு மகளிர் இலவசப் பயணம் 2021-ல இருந்து இருக்கு, ஆனா அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். பாலக்காடு போற வெளியூர் பஸ்ஸுக்குக் கிடையாது. கே.ஜி.சாவடி, வேலந்தாவளம் பக்கம் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் குடியிருக்கிற பெண்களுக்கு டவுன் பஸ்ல உக்கடம் வரைக்கும் செலவே இல்லை. அந்த ஒரு சலுகைக்காகவே வாடகை வீட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் பார்க்கலாம்.

ஸ்பேனர்
கார்னு முடிவு பண்ணினா வழியைச் சரியா எடுங்க. பீளமேட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மதுக்கரை, குனியமுத்தூர், ஆத்துப்பாலம், உக்கடம் மேம்பாலம், அப்புறம் அவினாசி சாலை. 2024 ஆகஸ்ட்ல உக்கடம் மேம்பாலம் திறந்ததும், 2025 அக்டோபர்ல உப்பிலிபாளையம் – கோல்டுவின்ஸ் 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்ததும் இந்த வழியில நிறைய நேரம் மிச்சம். ஏறுதளம், இறங்குதளம் எங்க இருக்குன்னு முன்னாடியே பார்த்துக்கணும். ஒண்ணைத் தவற விட்டா பீளமேடு கீழே தெரியும், நீங்க மேலே போய்க்கிட்டே இருப்பீங்க. ரெண்டாவது வழி, மதுக்கரையில பைபாஸ் ஏறி சிந்தாமணிப்புதூர்ல இறங்கி ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் வழியா பீளமேடு ஹோப்ஸ் காலேஜ் நிறுத்தம். தூரம் கூட. பைபாஸ்ல லாரிக்குப் பின்னாடி மாட்டினா முந்த இடம் கிடைக்காம இழுக்கும். குனியமுத்தூர்ல ஏதாவது அடைப்புன்னா மட்டும் இதை எடுக்கலாம்.

இந்தத் திசையில ஒரு தொந்தரவு இருக்கு, வரைபடத்துல தெரியாது. காலையில கிழக்கே ஓட்டுறீங்க, சாயங்காலம் மேற்கே ஓட்டுறீங்க. ரெண்டு நேரமும் வெயில் நேரா கண்ணுல. கோவையில குடியிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போறவனுக்கு ரெண்டு நேரமும் முதுகுல. அதனால முன் கண்ணாடியை வாரம் ஒருமுறை உள்பக்கமும் துடைங்க. டேஷ்போர்டு பிளாஸ்டிக்ல இருந்து வர்ற எண்ணெய்ப்படலம்தான் எதிர் வெயில்ல பால் மாதிரி வெளுத்துத் தெரியும். வைப்பர் ரப்பரை ஜூன் மழைக்கு முன்னாடி மாத்திடுங்க.

டீசல் யோசிக்கிறவங்களுக்கு: பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கு. சேர்ந்த கரியை எரிக்க 60 கி.மீ. வேகத்துக்கு மேல 15-20 நிமிஷம் தொடர்ந்து ஓடணும். இந்தச் சாலையில அது தானா நடந்துடும். அதே காரை உக்கடத்துக்குள்ளேயே தினமும் 6 கி.மீ. ஓட்டுறவருக்கு டிபிஎஃப் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

புதுச்சேரிக்காரன்
டோலுக்கு வருடாந்திர பாஸ் எடுத்தா போதுமா? 3,000 ரூபாய்தானே?

கணக்குப்பிள்ளை
வேண்டாம். இது பலர் ஏமாறுற இடம். 2025 ஆகஸ்ட் 15-ல அந்தப் பாஸ் வந்தப்போ 3,000 ரூபாய், ஆனா ஒரு வருஷம் அல்லது 200 பயணம், எது முதல்ல முடியுதோ அதுவரைக்கும். பாம்பாம்பள்ளம் சாவடியைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கடக்குறீங்க. மாசம் 44. நாலரை மாசத்துல 200 தீர்ந்துடும். கடக்க 15 ரூபாய் வீதம் மாசம் 660.

நீங்க சாவடியில இருந்து 20 கி.மீ.க்குள்ள குடியிருக்கீங்க. அந்த எல்லைக்குள்ள இருக்கிற சொந்தக் காருக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு, இப்போ மாசம் 350 ரூபாய் அளவுல. எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம். ஏப்ரல் 1-ல விலை கொஞ்சம் ஏறும். ஆர்சியில இருக்கிற முகவரி அந்த 20 கி.மீ.க்குள்ள இருக்கணும், ஆதாரும் பொருந்தணும். முகவரி மாத்தாம இருந்தா முதல்ல அதை முடிங்க. வருடாந்திர பாஸ் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை நாலஞ்சு சாவடி தாண்டிப் போறவங்களுக்கு.

ஒலவக்கோடு
பெட்ரோலை எல்லை தாண்டிப் போடுங்க. தமிழ்நாடு 2021-ல லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைச்சுது. கேரளா 2023 ஏப்ரல்ல 2 ரூபாய் செஸ் போட்டுது. அதனால வாளையாருக்குக் கிழக்கே விலை எப்பவும் குறைச்சல்தான். 141 லிட்டர்னா மாசத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சம். அதுக்காகவே தனியா வாளையார் வரைக்கும் வண்டியெடுத்துப் போறவங்க கணக்கு எனக்குப் புரிஞ்சதே இல்லை, ஆனா உங்களுக்கு அது போற வழிதான்.

கேரளப் பக்கம் 2023 ஜூன்ல இருந்து ஏஐ கேமரா வேலை செய்யுது. முன்சீட்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் பெல்ட் போடலைன்னாலும் 500 ரூபாய். பரிவாகன் தளத்துல மாசம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. செலான் சேர்ந்துக்கிட்டே இருக்கும், விக்கும்போதுதான் தெரியும்.

கே.ஜி.சாவடி
மின்சாரக் கார் வாங்கிட்டா இந்தப் பேச்சே தேவையில்லையே? யூனிட் கணக்கு பார்த்தா பெட்ரோல்ல கால்வாசி கூட ஆகாது.

கணக்குப்பிள்ளை
ஆகாது, உண்மைதான். ஆனா கேரளாவுல வீட்டு மின்கட்டணம் ஒரு இடத்துல கால் வாரும். 100 கி.மீ.க்கு 14 யூனிட், சார்ஜிங்ல வீணாகிறது சேர்த்து நாளுக்கு 15 யூனிட், மாசம் 330. வீட்டுச் செலவு 150 யூனிட்னா மொத்தம் 480. கேஎஸ்இபி கட்டணத்துல மாசம் 250 யூனிட் வரைக்கும்தான் படிப்படியான விலை. அதைத் தாண்டினா முதல் யூனிட்ல இருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. அதாவது காருக்கு மட்டும் கூடலை, உங்க ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் சேர்த்துக் கூடுது. கூரையில சோலார் இருந்தா கதை மாறும். சும்மா "யூனிட்டுக்கு இத்தனை"ன்னு பெருக்கிப் பார்த்து வாங்காதீங்க.

நேரம் பிரச்சினையில்லை. சாதாரண 15 ஆம்பியர் பிளக்ல 15 யூனிட் ஏற 5 மணி நேரம், ராத்திரியில முடிஞ்சுடும். அந்தப் பிளக்குக்குத் தனி ஒயர், சரியான எர்த், தனி எம்சிபி (லோடு மிஞ்சினா தானா விழற சுவிட்ச்) வேணும். பழைய வீட்டுல ஏசிக்குப் போட்ட லைன்லயே காரையும் மாட்டினா பிளக் முனை கருகும்.

ஸ்பேனர்
பைக்ல போறேன்னு யாராவது கேக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மேற்குல இருந்து. காலையில முதுகுல தள்ளும், சாயங்காலம் முகத்துல அறையும். லாரியை முந்தும்போது அதோட மறைவுல இருந்து வெளியே வந்த அடுத்த நொடி காத்து மாறும், 100-125 சிசி வண்டி ஆடும். ஸ்டேஷன் வரைக்கும் டூவீலர், அதுக்கு மேல வேண்டாம்.

வேலந்தாவளம்
நாலு பேர் சேர்ந்து ஒரு கார்ல போனா? 17,600-ஐ நாலாப் பிரிச்சா 4,400.

ஒலவக்கோடு
பிரிக்கலாம், ஆனா காசு வாங்காம பிரிங்க. சொந்தக் கார் பாலிசியில 'வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது'ன்னு நிபந்தனை இருக்கு. மாசாமாசம் மூணு பேர் ஜிபேல ஒரே தொகை அனுப்பினா, விபத்து நடந்த அன்னைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே காட்டும். கார் வச்சிருக்கிற நாலு பேர் சேர்ந்து வாரம் ஒருத்தர் கார்னு சுத்தி வந்தா பணப் பரிமாற்றமே கிடையாது. நாலு காருக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கான்னு பாருங்க. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசின்னா காருக்குள்ள கூட வர்றவருக்கு இழப்பீடு வாங்குறது பெரும்பாடு.

சேர்ந்து போறதை உடைக்கிறது பணம் இல்லை, நேரம். "எத்தனை நிமிஷம் காத்திருப்போம்"னு முதல் நாளே பேசிடணும். 5 நிமிஷம்னா 5 நிமிஷம்தான், அப்புறம் வராதவர் பஸ் ஏறிக்கணும்.

கே.ஜி.சாவடி
சின்னதா ஒரு சந்தேகம். டிஎன் பதிவு காரை வச்சுக்கிட்டு கஞ்சிக்கோட்டுல வாடகைக்கு இருக்கலாமா?

ஒலவக்கோடு
12 மாசம் வரைக்கும். அதுக்கு மேல கேரளாவுலயே வச்சிருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி இங்க மறுபதிவு பண்ணணும். பழைய ஆர்டிஓவுல படிவம் 28-ல தடையின்மைச் சான்று, இங்க படிவம் 27, கேரள வரி. தமிழ்நாட்டுல குடியிருந்து தினமும் வந்து போறவங்களுக்கு இது வராது.

மீட்டர்கேஜ்
புதுச்சேரிக்காரன் கேட்டதுக்குத் திரும்பறேன். ரயில் வழி மொத்தச் செலவு: சீசன் 500-க்குள்ள, டவுன் பஸ் 44 × 20 = 880, ஸ்டேஷனுக்கு டூவீலர் பெட்ரோல் 600, பார்க்கிங் 300-400. தாராளமா வச்சாலும் 2,400. கார்ல 17,600. மாசம் 15,000 ரூபாய் வித்தியாசம், அதுக்கு நீங்க கொடுக்கிறது நாளுக்கு ஒரு மணி நேரத்துல இருந்து ஒண்ணரை மணி நேரம். மாசத்துக்கு 22-ல இருந்து 33 மணி நேரம். உங்க ஒரு மணி நேரத்தோட விலை 500, 600 ரூபாய்க்கு மேலேன்னா கார். மெமுல உட்கார இடம் கிடைச்சு அந்த நேரத்துல படிக்கவோ தூங்கவோ முடிஞ்சா கணக்கு வேற.

கே.ஜி.சாவடி
அந்தக் கணக்குல சாயங்காலத்தை மறந்துட்டீங்க. 6.30-க்கு வேலை முடிஞ்சு ஜங்ஷன் வரும்போது 7.10. உங்க வண்டி கிளம்பிடுச்சுன்னா நீங்க உக்கடத்துக்குத்தான் போகணும். அதுவும் வண்டி கஞ்சிக்கோட்டுல நிறுத்தியிருக்கீங்க, பஸ் புதுச்சேரியில இறக்கிவிடும். அடுத்த நாள் காலையில ஸ்டேஷனுக்கு எப்படிப் போவீங்க?

மீட்டர்கேஜ்
அந்த பஸ் கஞ்சிக்கோடு வழியாத்தான் வரும். அங்கேயே இறங்கி வண்டியை எடுத்துக்கணும். ராத்திரி பார்க்கிங் எத்தனை மணி வரைக்கும் ஆள் இருப்பாங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும், அவ்வளவுதான்.

புதுச்சேரிக்காரன்
எல்லாருக்கும் நன்றிங்க. திங்கள், வெள்ளி கார், நடுவுல மூணு நாள் ரயில்னு தொடங்கலாம்னு இருக்கேன். மூணு நாள்னா மாசம் 12-13 நாள் வருது, சீசனே எடுத்துடறேன். முதல் சீசனை ஒண்ணாம் தேதியே எடுக்கணுமா?

மீட்டர்கேஜ்
வேண்டியதில்லை. எந்தத் தேதியில தொடங்குதோ அதுல இருந்து ஒரு மாசம். வேலைக்குச் சேர்ற நாளுக்கு முந்தின நாளே வாங்கிடுங்க. திங்கட்கிழமை காலையில கவுன்டர் வரிசையில நின்னா மெமு போயிடும். வாங்கினதும் அடையாள அட்டை எண் டிக்கெட்ல சரியா விழுந்திருக்கான்னு கவுன்டர்லயே பார்த்துக்குங்க. பேர்ல எழுத்துப்பிழை இருந்தா அங்கேயே மாத்திக்கலாம், வண்டிக்குள்ள டிடிஇகிட்ட விளக்கிக்கிட்டு இருக்க முடியாது.